புயலுக்கு முன்பே கூம்பு ஏற்றியவர்: அட்மிரல் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்

1859ஆம் ஆண்டு அக்டோபர் 25. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலிருந்து புறப்பட்ட ராயல் சார்ட்டர் என்ற கப்பல், இரண்டு மாதப் பயணத்தை முடித்து இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தை நெருங்கிக் கொண்டிருந்தது. பயணிகளில் பலர் ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் பாடுபட்டவர்கள். சேர்த்த பொன்னை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இன்னும் ஓர் இரவு கழிந்தால் வீடு.

அன்றிரவு காற்று எழுந்தது. வேல்ஸின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஆங்கில்சி தீவின் ஓரமாகக் கப்பல் நங்கூரம் பாய்ச்சியது. நள்ளிரவுக்குப் பிறகு நங்கூரச் சங்கிலிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. பாய்மரங்களை வெட்டிச் சாய்த்தும் பயனில்லை. நீராவி இயந்திரத்தாலும் அந்தக் காற்றை எதிர்த்து நிற்க முடியவில்லை. 26ஆம் தேதி காலையில் கப்பல் பாறைகளில் மோதி உடைந்தது. கரை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். பிழைத்தவர்கள் 40 பேர் அளவுக்குத்தான்; அவர்களில் ஒரு பெண்ணும் இல்லை, ஒரு குழந்தையும் இல்லை. இடுப்பில் கட்டியிருந்த தங்கத்தின் பாரமே சிலரை நீருக்குள் இழுத்துக்கொண்டது என்று பின்னாளில் சொல்லப்பட்டது.

அந்த ஒரே புயலில் பிரிட்டனின் கரையோரம் எங்கும் 133 கப்பல்கள் அழிந்தன. மாண்டவர்கள் மொத்தம் சுமார் 800 பேர்.

லண்டனில் ஒரு சிறிய அரசு அலுவலகத்தில் இருந்த 54 வயது கடற்படை அதிகாரி ஒருவருக்கு இந்தச் செய்தி வேறு விதமாகப் பட்டது. புயல் ஆங்கில்சியை அடைவதற்குச் சில மணி நேரம் முன்பே தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் கரைகளை அடித்திருக்கிறது. தந்திக் கம்பிகளோ அதற்குள் நாடெங்கும் போடப்பட்டுவிட்டன. காற்றைவிடத் தந்தி வேகமாக ஓடும். அப்படியானால் தெற்கிலிருந்து வடக்குக்கு ஏன் ஒருவரும் செய்தி அனுப்பவில்லை?

அவர்தான் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். இன்று உலகமெங்கும் வானிலை எச்சரிக்கை என்று ஒன்று இருப்பதற்கு அடித்தளம் போட்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்.

1805ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி இங்கிலாந்தின் சஃபொல்க் வட்டாரத்தில் பெருங்குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தைவழிப் பாட்டனார் பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். வழிவழியாகப் பார்த்தால் அரசர் இரண்டாம் சார்ல்ஸின் வம்சம். தாயை ஐந்து வயதிலேயே இழந்தார். 12 வயதில் போர்ட்ஸ்மத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1824இல் அதிகாரிக்கான தேர்வில் முழு மதிப்பெண் பெற்றார். அதற்குமுன் அப்படி ஒருவரும் பெற்றதில்லை.

அவர் 17 வயதாக இருந்தபோது குடும்பத்தில் ஒரு பேரிடி விழுந்தது. தாய்மாமன் காசல்ரே பிரபு, நாட்டின் வெளியுறவு அமைச்சராக இருக்கும்போதே, மனம் சிதைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த நிழல் ஃபிட்ஸ்ராயின் வாழ்நாள் முழுதும் கூடவே வந்தது.

1828இல் தென் அமெரிக்காவின் தென்கோடியைக் கடல் அளவீடு செய்துகொண்டிருந்த பீகிள் கப்பலின் கேப்டன், தனிமையும் குளிரும் தாங்காமல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். அந்தக் கப்பல் 23 வயது ஃபிட்ஸ்ராயின் கைக்கு வந்தது.

பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. 1829ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி, இன்றைய உருகுவேயின் மால்டொனாடோ கரையருகே கப்பல் வந்துகொண்டிருந்தது. காற்றழுத்தமானியில் பாதரசம் இறங்கிக்கொண்டே போனது. வானத்தின் நிறமும் சரியில்லை. துறைமுகம் பக்கத்தில்தானே, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று இளம் கேப்டன் நினைத்துவிட்டார். பம்பேரோ என்று அந்த நாட்டில் அழைக்கப்படும் திடீர்ப் பெருங்காற்று அடித்தது. கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தது, மேல் பாய்மரங்கள் முறிந்தன, இரண்டு மாலுமிகள் கடலில் விழுந்து இறந்தனர்.

அந்த இருவரின் சாவுக்குத் தாமே பொறுப்பு என்று அவர் கருதினார். கருவி முன்கூட்டியே சொன்னது, கேட்கவில்லை. அதன் பிறகு காற்றழுத்தமானியை அவர் அலட்சியம் செய்ததே இல்லை. பிற்காலத்தில் அவர் செய்ததையெல்லாம் பார்க்கும்போது, இந்த நாளிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இதே பயணத்தில் மறுக்க முடியாத ஒரு குறையும் உண்டு. படகு ஒன்று களவு போனதற்காக, தியெரா டெல் ஃபுவேகோ தீவின் பழங்குடி மக்கள் சிலரைப் பிணையாகப் பிடித்து, அவர்களில் நால்வரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நாகரிகம் கற்பித்துத் திருப்பி அனுப்புவதாக எண்ணம். ஒருவர் அம்மை நோயில் இறந்தார். எஞ்சிய மூவரை அவர்களின் தேசத்தில் கொண்டுபோய் விடவேண்டும் என்பதில் ஃபிட்ஸ்ராய் உறுதியாக இருந்தார். தம் சொந்தப் பணத்தில் கப்பல் அமர்த்தவும் துணிந்தார். பீகிளின் இரண்டாம் பயணம் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த இரண்டாம் பயணம்தான் உலகப் புகழ் பெற்றது. முன்னிருந்த கேப்டனின் முடிவும் தாய்மாமனின் முடிவும் மனத்தில் இருந்ததால், பேச்சுத் துணைக்குப் படித்த ஒருவர் வேண்டும் என்று ஃபிட்ஸ்ராய் கேட்டார். வந்தவர் 22 வயது சார்ல்ஸ் டார்வின். முக அமைப்பை வைத்துக் குணத்தைக் கணிக்கலாம் என்று நம்பிய கேப்டனுக்கு டார்வினின் மூக்கு முதலில் பிடிக்கவில்லையாம். மூக்கைக் காரணம் காட்டி அவரை வேண்டாம் என்றிருந்தால் அறிவியல் வரலாறு எப்படிப் போயிருக்குமோ!

1831 டிசம்பர் 27 முதல் 1836 அக்டோபர் 2 வரை ஐந்தாண்டுப் பயணம். கப்பலில் 22 காலமானிகள் இருந்தன. உலகைச் சுற்றி வந்து கணக்குப் பார்த்தபோது 33 வினாடிகள்தான் வேறுபாடு. காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை எண்ணால் குறிக்கும் பியூஃபோர்ட் அளவுகோல் முறைப்படி முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டதும் இந்தப் பயணத்தில்தான். கேப்டன் கோபக்காரர். பிரேசிலில் அடிமைமுறை பற்றிய பேச்சில் டார்வினோடு சண்டை போட்டு, சில மணி நேரத்திலேயே மன்னிப்பும் கேட்டார். 1833 ஜனவரியில் கேப் ஹார்ன் முனைக்கு அருகே ஒரு பேரலை பீகிளைக் கவிழ்க்கப் பார்த்தது. ஒரு படகு போனது. ஆள் ஒருவரும் போகவில்லை.

ஊர் திரும்பியபின் திருமணம், 1841இல் நாடாளுமன்ற உறுப்பினர் பதவி. 1843 இறுதியில் நியூசிலாந்தின் ஆளுநரானார். அங்கே வைராவ் என்ற இடத்தில் வெள்ளைக் குடியேறிகளுக்கும் மவோரி மக்களுக்கும் நடந்த மோதலில் தவறு குடியேறிகளுடையது என்று வெளிப்படையாகத் தீர்ப்புச் சொன்னார். குடியேறிகள் பகைத்துக்கொண்டார்கள். கருவூலமும் காலி. 1845இல் லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. நியாயம் என்று பட்டதைச் சொல்லிவிட்டு அதற்கான விலையைக் கொடுப்பது அவருக்கு இது முதல் முறை. கடைசி முறை அல்ல.

1854இல் வணிக வாரியத்தின் கீழ் வானிலைத் தகவல் திரட்டும் சிறு பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அதன் தலைவர் ஃபிட்ஸ்ராய். உதவிக்கு மூன்று நான்கு பேர். வேலை என்னவோ கப்பல்களின் குறிப்பேடுகளிலிருந்து காற்றின் புள்ளிவிவரத்தைத் தொகுப்பதுதான். நாளைய வானிலையைச் சொல்வது அந்த வேலையில் இல்லை. லண்டனின் வானிலையை ஒரு நாள் முன்னதாகவே அறியும் காலம் வரலாம் என்று அதே ஆண்டு ஓர் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் சொன்னபோது அவையில் சிரிப்பலை எழுந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி கருங்கடலில் பாலக்லாவா அருகே ஒரு புயல், ரஷ்யாவோடு போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்களை நொறுக்கியது. பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே ஐரோப்பாவெங்கிலுமிருந்து பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார். புயல் கருங்கடலில் பிறந்ததல்ல. ஐரோப்பாவைக் கடந்து நடந்து வந்திருந்தது. புயல் நடக்கும் என்றால் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் முடியும்.

இந்தப் பின்னணியில்தான் ராயல் சார்ட்டர் மூழ்கியது. ஃபிட்ஸ்ராய் கலங்கரை விளக்கங்கள், துறைமுகங்கள், கப்பல்கள் என எங்கெங்கோ இருந்து பதிவுகளை வாங்கி, ஒரே நேரத்தில் எந்த ஊரில் என்ன காற்று, என்ன அழுத்தம் என்று நிலப்படங்களில் குறித்தார். அடுத்தடுத்த நேரங்களுக்கு அடுத்தடுத்த படங்கள். அவற்றை வரிசையாக வைத்தால் புயல் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. கப்பலின் ஒரு பக்கம் வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று. மறு பக்கம் தென்மேற்கிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று. இரண்டும் உராய்ந்துகொள்ளும் இடத்தில் ஆற்றுச் சுழி போல ஒரு பெருஞ்சுழல்.

புயல் என்பது ஓரிடத்தில் திடீரென வெடிக்கும் ஒன்றல்ல, துருவத்துக்கும் வெப்ப மண்டலத்துக்கும் இடையே ஓயாமல் நடக்கும் காற்றோட்டத்தின் ஒரு பகுதி என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1863இல் வெளியிட்ட தம் வானிலை நூலில் அந்தச் சுழல்களைப் படமாகவே வரைந்து காட்டினார். இன்றைய செயற்கைக்கோள் படங்களில் வட அட்லாண்டிக்கின் மேல் தெரியும் மேகச் சுருள்களோடு அவற்றை ஒப்பிட்டால் வியப்புத்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் பக்கத்துக் கடல்களில் உருவாகும் சூறாவளி, வெப்பக் கடலின் சூட்டை உண்டு வளர்வது. ஐரோப்பாவின் குளிர்காலப் புயல் அப்படியல்ல. பூமத்தியரேகைப் பக்கம் சூடு, துருவப் பக்கம் குளிர். இந்த வேறுபாடு குளிர்காலத்தில் மிகுகிறது. அதனால் சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு பாய்கிறது. ஜெட் ஓட்டம் என்று அதற்குப் பெயர். அது பாம்பு போல நெளியும். நெளிவின் சரியான இடத்துக்குக் கீழே ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து சேர்ந்தால், மேலே உள்ள ஓட்டம் அந்த இடத்துக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. தரையில் அழுத்தம் மளமளவென்று விழுகிறது. சுற்றியுள்ள காற்று உள்ளே பாய்ந்து வந்து சுழல்கிறது. ஒரே நாளில் சாதாரணத் தாழ்வு பெரும்புயலாகிவிடும்.

அந்தப் புயல் எந்தப் பக்கம் போகும் என்பதும் இதே ஓட்டத்தைப் பொறுத்ததுதான். ஐஸ்லாந்தின் அருகே வழக்கமாகத் தாழ்ந்த அழுத்தம். அசோரஸ் தீவுகளின் அருகே உயர்ந்த அழுத்தம். இரண்டுக்கும் இடையே வேறுபாடு பெரிதாக இருக்கும் குளிர்காலத்தில் மேற்குக் காற்று வலுக்கிறது. புயல்கள் அடுத்தடுத்து பிரிட்டன், வட ஐரோப்பா பக்கம் வருகின்றன. வேறுபாடு குறைந்தால் அவை தெற்கே மத்தியதரைக் கடல் பக்கம் திரும்புகின்றன. இந்த ஊசலாட்டத்துக்குப் பெயர் வைத்தவர் கில்பர்ட் வாக்கர். இந்தியாவில் வானிலைத் துறையின் தலைவராக இருந்து, பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடியவர். அவருடைய அலுவலகத்தில் இந்திய எழுத்தர்கள் ஆண்டுக்கணக்காகக் கையாலேயே கணக்குப் போட்டார்கள். இந்திய மழையைத் தேடப்போய் அட்லாண்டிக் புயலின் கடிவாளம் கையில் கிடைத்தது என்றால் நம்பச் சற்றுக் கடினம்தான்.

ஃபிட்ஸ்ராய் காலத்தில் இவையெதுவும் தெரியாது. மேல்வானத்தைப் பார்க்க அவரிடம் கருவி இல்லை. இருந்தவை தரையிலிருந்த காற்றழுத்தமானிகளும் தந்திக் கம்பியும்தான். அவற்றை வைத்தே தொடங்கினார்.

கரையோர நிலையங்கள் தினமும் காலையில் அழுத்தம், வெப்பம், காற்று ஆகியவற்றைத் தந்தியில் அனுப்பின. ஆபத்து என்று தோன்றினால் லண்டனிலிருந்து துறைமுகங்களுக்குத் தந்தி போகும். உடனே உயரமான கம்பத்தில் கித்தான் போர்த்திய பெரிய கூம்பை ஏற்றுவார்கள். கூர்முனை மேலே இருந்தால் வடக்கிலிருந்து பலத்த காற்று. கீழே இருந்தால் தெற்கிலிருந்து. உருளை வடிவம் ஏற்றினால் காற்று திசை மாறி மாறி அடிக்கும். கூம்பும் உருளையும் சேர்ந்து ஏறினால் மிகக் கடுமையான புயல். இரவில் அதே வடிவங்களில் விளக்குகள். எழுத்துத் தெரியாத மீனவரும் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளலாம். ஏழை மீனவக் கிராமங்களுக்குக் காற்றழுத்தமானிகளும் இரவலாகக் கொடுக்கப்பட்டன.

முதல் புயல் எச்சரிக்கை 1861 பிப்ரவரி 6ஆம் தேதி போனது. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 9ஆம் தேதி, வடகிழக்குக் கரையைப் புயல் தாக்கியது. விட்பி என்ற ஊரில் மற்றவர்களைக் காப்பாற்றப் போன உயிர்காப்புப் படகே கவிழ்ந்து, அதிலிருந்த 13 பேரில் 12 பேர் இறந்தனர். எச்சரிக்கையை நம்பும் பழக்கம் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி லண்டனின் டைம்ஸ் நாளிதழில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு வெளிவந்தது. முன்னறிவிப்பு என்ற பொருளில் இன்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை வானிலைக்கு நிலைநிறுத்தியவர் ஃபிட்ஸ்ராய்தான். ஆரூடம், குறிசொல்லல் என்ற வாடை வந்துவிடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார். பதிவுகளை வைத்துச் செய்யும் ஊகம் இது, தவறலாம் என்று திரும்பத் திரும்ப எழுதினார்.

தவறத்தான் செய்தது. அதற்குக் காரணமும் எளிது. பிரிட்டனின் வானிலை மேற்கிலிருந்து, அட்லாண்டிக் கடலிலிருந்து வருகிறது. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் அவருக்குத் தந்தி அனுப்ப ஆளில்லை, வெறும் கடல். வாசலுக்கு வந்தபின்தான் விருந்தாளி தெரிவார் என்ற நிலை. அட்லாண்டிக்கைக் கடந்து நிலைத்து வேலை செய்த தந்திக் கம்பி வந்தது 1866இல்தான். அவர் இறந்த மறு ஆண்டு.

ஆனால் வாசகர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லையே. மழை வரும் என்று சொன்ன நாளில் வெயில் அடித்தால் சிரித்தார்கள். முன்னறிவிப்பை வெளியிட்ட டைம்ஸே அவரை விட்டுத் தள்ளி நின்றது. எச்சரிக்கைக் கூம்பு ஏறினால் படகுகள் கடலுக்குப் போகவில்லை. நாள் வருமானம் போகிறதே என்று மீன்பிடிப் படகு முதலாளிகள் முணுமுணுத்தார்கள். விதி தெரியாமல் ஊகிப்பது அறிவியலா என்று அறிஞர்கள் கேட்டார்கள். அறிஞர்களின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விதி முழுதாகத் தெரியும்வரை காத்திருந்தால் அதற்குள் எத்தனை படகு போகும் என்பதற்கு அவர்களிடமும் பதில் இல்லை.

இதே காலத்தில் இன்னொரு வேதனையும் அவரை அரித்தது. டார்வினின் பரிணாமக் கொள்கை, ஆழ்ந்த பைபிள் நம்பிக்கை கொண்ட ஃபிட்ஸ்ராய்க்கு அதிர்ச்சியாக இருந்தது. அந்த மனிதரைத் தம் கப்பலில் ஏற்றிச் சென்றவரே அவர்தானே. 1860இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த புகழ்பெற்ற பரிணாம விவாதத்தின்போது, பைபிளைக் கையில் உயர்த்திக் காட்டியபடி அவர் அவையில் நின்றார். அவர் அந்த ஊருக்கு வந்ததே புயல்களைப் பற்றிக் கட்டுரை வாசிக்கத்தான்.

உடல் தளர்ந்தது. காது மந்தமானது. சொத்து பெரும்பாலும் பொதுக் காரியங்களுக்கே கரைந்துபோயிருந்தது. ஓய்வெடுக்கச் சொன்னால் மனம் கேட்கவில்லை. மறுபடியும் அலுவலகத்துக்குப் போக நினைப்பார், போனாலும் வேலை ஓடாது. 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டனின் தெற்கே அப்பர் நார்வுட் இல்லத்தில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 59. ஒவ்வொரு நாளும் யாரோ ஒரு மீனவரின் உயிருக்குத் தாம் பொறுப்பு என்ற நினைப்பில், பத்து ஆண்டுக்கு மேல் ஓய்வின்றி உழைத்தவர் அவர்.

குடும்பத்துக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நண்பர்கள் நிதி திரட்டினார்கள். கொள்கையால் பிரிந்த டார்வின் 100 பவுண்டு கொடுத்தார். விக்டோரியா அரசியார் விதவைக்கு ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் குடியிருக்க இடம் தந்தார்.

பிறகு அரசு ஒரு குழுவை அமைத்தது. அதில் முக்கியமானவர் ஃபிரான்சிஸ் கால்டன். முன்னறிவிப்புக்கு உறுதியான அறிவியல் அடிப்படை இல்லை என்று குழு சொல்ல, 1866 டிசம்பரில் புயல் எச்சரிக்கையும் சேர்த்து நிறுத்தப்பட்டது. கம்பங்கள் வெறுமையாக நின்றன. அப்போதுதான் கரையோரத்திலிருந்து குரல் எழுந்தது. துறைமுகங்களும் கடலோடிகளும் கூம்பைத் திரும்பக் கேட்டார்கள். நான்கில் ஒன்று தவறினாலும் மூன்று தடவை உயிர் பிழைக்கிறதே என்பது அவர்களுடைய கணக்கு. ஓராண்டுக்குள், 1867 முடிவதற்குள், புயல் எச்சரிக்கை மீண்டும் தொடங்கியது. பொதுமக்களுக்கான தினசரி முன்னறிவிப்பு திரும்ப வர 1879 ஆகிவிட்டது.

அவர் ஊகித்த குளிர்க்காற்று, வெப்பக்காற்று மோதலை, முதல் உலகப் போர் முடிந்த கையோடு நார்வேயின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னெஸும் அவர் மகன் யாக்கோபும் முறையான கோட்பாடாக வகுத்தார்கள். போர்முனை என்ற சொல்லையே இரு காற்றுகள் சந்திக்கும் எல்லைக்கும் அவர்கள் பெயராக வைத்தார்கள்.

பிரிட்டனின் வானிலை அலுவலகம் இப்போது எக்ஸிட்டர் நகரில், ஃபிட்ஸ்ராய் சாலையில் இருக்கிறது. கப்பல்களுக்காக வானொலியில் வாசிக்கப்படும் கடல் வானிலை அறிக்கையில் ஸ்பெயினுக்கு வடமேற்கே உள்ள கடற்பகுதியை முன்பு ஃபினிஸ்டெர் என்பார்கள். அதே பெயரை ஸ்பெயின் வேறொரு பகுதிக்கு வைத்திருந்ததால் குழப்பம் வந்தது. 2002 பிப்ரவரி 4ஆம் தேதி முதல் அந்தக் கடற்பகுதிக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர். அங்கே கடுங்காற்று வரப்போகிறது என்றால் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எச்சரிக்கிறார்கள்.